திரெந்து பொதுச்சங்கமும் திருமணத்தின் சாட்சியும்

சீர்திருத்த இயக்கத்துக்குக் கத்தோலிக்கத் திருச்சபை தந்த பதில் என்றதும் விசாரணை மன்றமும், தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலும், இயேசு சபையுமே நினைவுக்கு வருகின்றன. எளிய மக்களின் வாழ்வை இவற்றைவிட ஆழமாக மாற்றியது, 1563 நவம்பர் 11 அன்று திரெந்து பொதுச்சங்கம் பிறப்பித்த ‘தாமெத்சி’ என்னும் திருமண ஆணை என்பது என் துணிபு. அந்த ஆணை, திருமணத்துக்குச் சாட்சி சொல்லும் பொறுப்பைக் குடும்பத்திடமிருந்து பங்குக் கோயிலுக்கு மாற்றியது.

அதுவரை இருந்த திருச்சபைச் சட்டப்படி, ஆணும் பெண்ணும் ‘உன்னை ஏற்கிறேன்’ என்று ஒருவருக்கொருவர் சொன்னாலே திருமணம் செல்லும். குருவோ சாட்சியோ பெற்றோரின் இசைவோ செல்லுபடிக்குத் தேவையில்லை. பிற்பாடு ஆண் மறுத்தால் பெண்ணிடம் சான்று இராது. ஆயர்களின் நீதிமன்றங்களில் இத்தகைய வழக்குகள் குவிந்தன. பெற்றோர் அறியாமல் கொடுத்த வாக்கு செல்லாது என்று லூத்தர் வாதிட்டார். சூரிக் நகரம் 1525-இலேயே சாட்சிகளைக் கட்டாயமாக்கித் தனித் திருமண மன்றம் அமைத்தது. இந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது. திரெந்தில் கூடியவர்களும் அதை உணர்ந்திருந்தார்கள். ஆனால் அருட்சாதனத்தின் உள்ளியல்பைத் திருச்சபை மாற்ற முடியுமா என்ற தயக்கம் கடுமையாக எழுந்தது. இயேசு சபைத் தலைவர் லாயினெஸ் போன்றோர் எதிர்த்தே நின்றனர். முடிவில், பங்குத்தந்தையும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் முன்னிலையில் இல்லாத திருமணம் செல்லாது என்றும், அதற்கு முன் மூன்று முறை திருமண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும் என்றும், பங்குத்தந்தை திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்றும் ஆணை விதித்தது. பெற்றோரின் இசைவை மட்டும் அது நிபந்தனையாக்கவில்லை. பிரெஞ்சுத் தூதர்கள் அதை வற்புறுத்தியும், இசைவின்றி நடந்த திருமணம் செல்லாது என்போரைச் சங்கம் கண்டித்தது. மணமக்களின் விருப்பமே திருமணத்தை உண்டாக்குகிறது என்ற பழைய கொள்கை அப்படியே நின்றது. இதை மனமார மதிக்கத்தான் வேண்டும். பிரெஞ்சு அரசோ 1579-இல் புளுவாவில் பிறப்பித்த ஆணையால் பெற்றோரின் இசைவை வலியுறுத்தித் தன் வழியே போனது.

பதிவேடு கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதல்லவே என்று மறுக்கலாம். உண்மைதான்: இங்கிலாந்தில் 1538-இல் தாமஸ் குரோம்வெல்லும், பிரான்சில் 1539-இல் மன்னரும் பங்குப் பதிவேடுகளை வைக்கப் பணித்திருந்தார்கள். கத்தோலிக்கர், சீர்திருத்தத் தரப்பினர் ஆகிய இரு தரப்பும் மக்களை ஒரே வகையில் ஒழுங்குபடுத்தின என்று வரலாற்றாசிரியர்கள் ரைன்ஹார்டும் ஷில்லிங்கும் காட்டியது இதனாலேயே வலுப்பெறுகிறது. ஆனால் பதிவேடு எதைத் தாங்கி நின்றது என்பதில் வேறுபாடு உண்டு. திரெந்து ஞானப்பெற்றோரை ஒருவர் அல்லது இருவர் என்று குறைத்தது. 1614-இன் உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றோடு பங்கிலுள்ள ஆன்மாக்களின் நிலையையும் பதியச் சொன்னது. உறவுகளின் வலை மெலிந்து, தனி மனிதர் பங்கின் கணக்கில் ஏறினார் என்று வரலாற்றாசிரியர் ஜான் பாசி கூறியது இங்கே பொருந்துகிறது.

ஆணை காகிதத்தில் மட்டுமே இருந்தது என்பது மற்றொரு மறுப்பு. நடைமுறை மெல்லத்தான் மாறியது, ஓட்டைகளும் இருந்தன. குருவின் இசைவு தேவையில்லை, முன்னிலை போதும் என்பதால், அவர் விரும்பாவிட்டாலும் சாட்சிகளோடு சென்று அவர் காதில் விழும்படி இருவரும் சம்மதம் சொல்லிவிட்டாலே திருமணம் முடிந்ததாகும். 1628-ஆம் ஆண்டு லொம்பார்தியைக் களமாகக் கொண்ட தம் புதினத்தில் இத்தாலிய எழுத்தாளர் மன்சோனி இத்தகைய ஒரு முயற்சியை அமைத்திருக்கிறார். குருவை ஏய்த்து மணக்க நினைத்தவர்களும் அந்தக் குருவைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது என்பதே ஆணையின் வலிமைக்குச் சான்று.

இந்தக் காப்புக்கு விலையும் இருந்தது. பெற்றோரின் பிடியிலிருந்து மணமக்களை ஓரளவு விடுவித்த அதே ஆணை, அவர்களைப் பங்குத்தந்தையின் கண்காணிப்பில் வைத்தது. ஆணை அறிவிக்கப்படாத இங்கிலாந்திலோ, கத்தோலிக்கர் குருவின்றிச் செய்துகொண்ட மணத்தையும் 1908 வரை திருச்சபைச் சட்டம் செல்லும் என்றே ஏற்றது.