சம்பளச் சீட்டு இல்லாதவரின் வீடு: கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுடைமை உதவிகளும் விழிப்புணர்வும்

வீடு வாங்க அரசு தரும் உதவிகள் உரியவர்களைச் சேரவில்லை என்ற குறை எழும்போதெல்லாம், விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்லி இன்னொரு விளக்கக் கூட்டம் நடத்துவது கிள்ளான் பள்ளத்தாக்கில் வழக்கமாகிவிட்டது. நோயை இப்படிக் கணிப்பதே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். ஓர் உதவியைப் பெற அதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று திட்டத்தை அமைத்ததுதான் மூலக் கோளாறு. மக்களின் அறியாமை அதற்குப் பின் வருவது. முதலில், இந்தக் கோளாறு இல்லாத முத்திரை வரி விலக்கை எடுத்துக்கொள்வோம். 2021 முதல், 500,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத முதல் வீட்டுக்கு உரிமை மாற்றப் பத்திரத்திலும் கடன் ஒப்பந்தத்திலும் இவ்விலக்கு உண்டு. வீட்டின் விலை 300,000 ரிங்கிட் என்றால், முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடும் மீதிக்கு 2 விழுக்காடுமாக 5,000 ரிங்கிட் மிச்சம். 270,000 ரிங்கிட் கடனுக்கு அரை விழுக்காடு, அதாவது 1,350 ரிங்கிட், அதனோடு சேரும். இந்தக் கணக்கு வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்திரத்தை முத்திரையிடக் கொண்டுபோகும் வழக்கறிஞரே உறுதிமொழிப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார்.

இதற்கு நேர்மாறானது, நிலையான சம்பளம் இல்லாதோருக்காக நிதியமைச்சின்கீழ் 2008இல் அமைந்த வீட்டுக்கடன் உத்தரவாத நிறுவனமான எஸ்ஜேகேபி. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மாலை கட்டி விற்பவரும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பலகாரக் கடை போட்டிருப்பவரும் டாக்சி ஓட்டுநரும் இதன் இலக்கு. ஆனால் அவர்கள் முதலில் போய் நிற்பது வங்கி முகப்பில். அங்கே சம்பளச் சீட்டும் சேமநிதிக் கணக்கறிக்கையும் கேட்கப்படுகின்றன. இரண்டும் இல்லாதவர் பேசாமல் திரும்பிவிடுகிறார். தமக்கென்றே ஒரு கதவு இருப்பதை, கதவு மூடப்பட்ட அந்த நொடியில் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. (இந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான், கடனாளிக்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும், தவணை தவறினால் கடன் கடன்தான்.)

எல்லைக் கோடும் குழப்பத்தைக் கூட்டுகிறது. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானதால், பிரிக்பீல்ட்ஸ்வாசிக்கு ரெசிடென்சி விலாயா, கிள்ளான்வாசிக்கு மாநில அரசின் ரூமா சிலாங்கூர்கூ என்று கட்டுப்படியாகும் விலை வீட்டுத் திட்டங்களும் அவற்றின் பதிவகங்களும் வேறாகிவிட்டன. வீட்டுக்குள் குடிபோன பிறகும், தகவல் உரிய நேரத்தில் சேராத இதே கதைதான். வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் 2002 டிசம்பர் முதல் இயங்குகிறது. 10 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே, மேம்பாட்டாளரிடம் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் பழுதுகளை மேம்பாட்டாளரே சரிசெய்து தர வேண்டிய பழுதுப் பொறுப்புக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். குளியலறைக் கசிவு கீழ்வீட்டுக் கூரையில் கறையாகத் தெரியவரும்போது கெடு தீர்ந்திருக்கலாம். காலம் கடந்து கிடைத்த தகவலும் அறியாமையும் அங்கே ஒன்றுதான்.

மின்னல் பண்பலையும் தமிழ் நாளேடுகளும் சொல்லத்தானே செய்கின்றன, தேடிப் படிப்பது மக்கள் பொறுப்பல்லவா என்பர். அவை சொல்வது உண்மை. ஆனால் வீடு வாங்கும் எண்ணமே எழாத நாளில் கேட்ட செய்தி, வங்கி முகப்பில் நிற்கும் நாளில் நினைவுக்கு வருவதில்லை. இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு: கட்டுப்படியாகும் விலையில் வீடே குறைவாக இருக்கும்போது அறிந்து என்ன பயன்? வீட்டுப் பற்றாக்குறையை எந்த அறிவிப்பும் தீர்க்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் இருக்கும் சில வீடுகள் யாருக்குப் போகின்றன என்பதைத் தீர்மானிப்பது தகவல்தான். விதி தெரிந்தவர் வரிசையில் முன்னே நிற்கிறார். சம்பளச் சீட்டும் பெரும்பாலும் அவரிடமே இருக்கிறது.

ஆகவே விளக்கக் கூட்டங்களுக்கு முன்னதாகச் செய்ய வேண்டியவை இரண்டு. கடன் விண்ணப்பத்தை மறுக்கும் ஒவ்வொரு வங்கியும், எழுத்திலோ வாய்மொழியிலோ, எஸ்ஜேகேபியின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதிக்கட்டும். சாவி கொடுக்கும் நாளிலேயே நடுவர் மன்றத்தின் கெடுத் தேதியை ஒரு தாளில் எழுதி மேம்பாட்டாளர் தரட்டும், தமிழிலும்.