உதவி எப்போது வந்தது? தமிழகக் கல்லூரிகளில் இடைநிற்றலும் அதைத் தடுக்கும் முயற்சிகளும் (1857–2024)

முன்னுரை

பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைத் தேடி ஆசிரியர் வீட்டுக்கே போவதுண்டு. கல்லூரியை விட்டு நின்றவரைத் தேடிப் பெரும்பாலும் யாரும் போவதில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே சில வாரங்கள் தொடர்ந்து விடுப்புக் குறி விழும். பிறகு பெயரே அடிபட்டுப்போகும். "டி.சி. வாங்கிட்டான்" என்று வகுப்பில் ஒருவர் சொல்வதோடு அந்தக் கதை முடிந்துவிடும்.

இளங்கலையில் சேர்ந்தவர் பட்டம் பெறும்வரை படிப்பில் நிலைக்கத் தமிழகத்தில் செய்யப்பட்ட ஏற்பாடுகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. உதவித்தொகை, விடுதி, பயிற்றுமொழி, தேர்வுமுறை, கட்டணச் சலுகை ஆகியவை வழக்கமாகத் தனித்தனி வரலாறுகளாகவே எழுதப்படுகின்றன. அவற்றை ஒரே கேள்வியால் கோக்கலாம்: உதவி மாணவருக்கு எப்போது வந்தது? தேறிய பிறகு பரிசாகவா, படிக்கும்போதே துணையாகவா?

சல்லடையாக ஒரு பல்கலைக்கழகம்

1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. தேர்வு வைத்துப் பட்டம் வழங்குவதே பல்கலைக்கழகத்தின் வேலை. அதன் முதல் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்று படிக்குப் படி சலித்தெடுப்பதே அன்றைய முறை. சல்லடையில் தங்காதவரைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்குப் பொறுப்பில்லை. 'பி.ஏ. ஃபெயில்' என்பதையே ஒரு தகுதிபோலச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் அந்தக் காலத்தில்தான் பிறந்தது.

அந்தச் சல்லடையில் நழுவியவர்களில் மிகப் புகழ்பெற்றவர் கணித மேதை ராமானுஜன். அவருடைய தந்தை கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடைக் கணக்கர். மாதச் சம்பளம் ஏறத்தாழ 20 ரூபாய். கல்லூரிக் கட்டணமோ ஒரு பருவத்துக்கு 32 ரூபாய். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணிதத்திலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை பறிபோனது. 1905இல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது வருகைநாள் போதவில்லை. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. கணிதத்தில் யாரும் நெருங்க முடியாத அவரை உடலியல் போன்ற பாடங்கள் வீழ்த்தின.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் ஒரு பாடத்தில் தவறினார். அதனால் உதவி நின்றது. உதவி நின்றதால் வருகை நின்றது. வருகை நின்றதால் தேர்வு கைவிட்டுப் போனது. மதிப்பெண் குறையும்போதுதான் மாணவருக்குத் துணை கூடுதலாக வேண்டும். அந்த நேரத்தில்தான் அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

இதே பல்கலைக்கழகம் 1913இல் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் அளித்தது. மாதந்தோறும் கையில் வரும் பணம் ஒருவரை என்ன செய்ய வைக்கும் என்பதற்குத் தமிழகக் கல்வி வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு மேதைக்குக் கிடைத்த விதிவிலக்கு. விதியாக மாற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

விடுதி என்னும் முதல் மாற்று

படிப்பைத் தொடர இருக்க ஓர் இடமும் இரண்டு வேளைச் சோறும் வேண்டும் என்பதை முதலில் உணர்ந்தவர்கள் கல்லூரிக்கு வெளியே இருந்த சமூகச் சீர்திருத்தவாதிகள். 1911இல் பி.ஏ. முடித்த ஆர்.எஸ். சுப்புலட்சுமி தாமும் இளம் விதவை. அடுத்த ஆண்டே சென்னையில் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். பின்னர் அது திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. அதே கடற்கரைச் சாலையில் 1914இல் தொடங்கிய பெண்கள் கல்லூரிதான் இன்றைய ராணி மேரி கல்லூரி. தங்குமிடமும் கல்லூரியும் அருகருகே அமைந்ததால், வீட்டார் சொல்லக்கூடிய பல காரணங்கள் எடுபடாமல் போயின.

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட மாணவருக்குப் பள்ளியும் விடுதியும் நடத்தினார். 1929இல் அதே ஊரில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உறைவிட முறையில் அமைந்தது. 1944இல் பட்டியல் சாதி மாணவருக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையை இந்திய அரசு தொடங்கியது. வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் முயற்சி இதன் பின்னணி. தனியார் கொடை அரசின் கடமையாக மாறத் தொடங்கியது இங்கிருந்துதான். ஆனாலும் அந்தத் தொகை கல்வியாண்டின் கடைசியில் வந்து சேர்வதும், அதுவரை மெஸ் பாக்கி ஏறுவதும் விடுதி மாணவர் பலரும் அறிந்த அனுபவம். ஜூலையில் தேவைப்பட்ட பணம் மார்ச்சில் வந்தால் அது கடனை அடைக்கத்தான் உதவும்.

மொழியும் அரியரும்

காமராசர் காலப் பள்ளி விரிவாக்கத்தின் பலன் 1960களில் கல்லூரி வாசலுக்கு வந்தது. குடும்பத்தில் முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு ஆங்கில விரிவுரை சுவராக நின்றது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பு சோதனை முறையில் தமிழ்வழியில் தொடங்கியது. பின்னர் அது பல அரசுக் கல்லூரிகளுக்குப் பரவியது. பாடம் புரிந்தது, ஆனால் பகுதி இரண்டு ஆங்கிலத் தாள் அப்படியே நின்றது. முதன்மைப் பாடம் முழுவதும் தேறி, அந்த ஒரு தாளுக்காகப் பட்டம் கைக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை ஊருக்கு ஊர் காணலாம்.

அமைப்பிலும் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. 1956இல் இன்டர்மீடியட் போய் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டமும் வந்தன. 1978இல் புகுமுக வகுப்பும் போய் மேல்நிலைப் பள்ளி வந்தது. கல்லூரியின் முதலாண்டுச் சல்லடை இவ்வாறு பள்ளிக்கு நகர்ந்தது. எனவே அதன்பின் கல்லூரி இடைநிற்றல் குறைந்ததாகத் தோன்றினால், ஒரு பகுதி இடம் மாறியதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஏறத்தாழ இதே காலத்தில் பருவத் தேர்வு முறையும் பரவியது. ஒரு தாளில் தவறினால் அதைச் சுமந்துகொண்டே அடுத்த பருவத்துக்குப் போகலாம். தமிழில் 'அரியர்' என்று வேரூன்றிவிட்ட சொல் இதைத்தான் குறிக்கிறது. கேலிக்குரியதாகவே பேசப்படும் அரியர், ராமானுஜனுக்குக் கிடைக்காத கால அவகாசம். அதன் மறுபக்கமும் உண்டு: மூன்றாண்டு முடிந்தும் பட்டமில்லாதவர் எந்த இடைநிற்றல் கணக்கிலும் வருவதில்லை. 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், கட்டணம் செலுத்தியவர்களுக்கு அரியர் தேர்வுகளை அரசு ரத்து செய்தபோது எழுந்த கொண்டாட்டம் அந்தக் கூட்டத்தின் அளவை உணர்த்தியது. தேர்வு நடத்தாமல் தேர்ச்சி அளிக்க முடியாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கட்டணத்திலிருந்து மாதப் பணத்துக்கு

அடுத்த கட்டம் கட்டணம். அரசு கலைக் கல்லூரிகளின் இளங்கலை வகுப்புகளில் 2007-08இல் கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டது. தொழிற்கல்வியில் 2010 முதல் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021இல் பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட படிப்புகளுக்கு விரிந்தபோது, கட்டணத்தோடு விடுதிச் செலவையும் அரசே ஏற்றது.

கட்டணம் நீங்கியும் மாணவர் நின்றதற்குக் காரணம் கல்லூரி கேட்கும் பணம் மட்டுமல்ல, வீடு இழக்கும் கூலியும்தான். சென்ட்ரிங் வேலைக்கும் ஜவுளிக் கடைக்கும் கேட்டரிங்குக்கும் போகும் மாணவர் அந்த நாள்களில் வகுப்பை விடுகிறார். 75 விழுக்காட்டு வருகை குறைகிறது; 'கண்டோனேஷன்' கட்டணம் விழுகிறது. வேலைக்குப் போனதால் வந்த தண்டத்தைக் கட்ட மீண்டும் வேலைக்குப் போக வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975இல் முன்வைத்த புகழ்பெற்ற கோட்பாடு, மாணவர் கல்லூரியின் கல்விச் சூழலோடும் சமூகச் சூழலோடும் எவ்வளவு ஒன்றுகிறார் என்பதை இடைநிற்றலின் மையமாக வைத்தது. மாலைப் பேருந்தைப் பிடித்து வேலைக்கு ஓடும் நம் மாணவருக்கு ஒன்றுவதற்கான நேரமே கூலியாக மாறிப்போகிறது.

இந்த இடத்தில்தான் உதவியின் காலம் மாறியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திட்டம் திருமண உதவி. 2011இல் அது பட்டம் முடித்த பெண்களுக்கு 50,000 ரூபாயும் 4 கிராம் தங்கமும் என உயர்ந்தது. படிப்பு முடிந்து, மணமேடை ஏறும்போதுதான் பணம். இடையில் நின்ற பெண் பட்டதாரிக்குரிய தொகையைப் பெற முடியாது. 2022 செப்டம்பர் 5 அன்று அதே பெயர் 'புதுமைப் பெண்' என்ற புது வடிவம் கொண்டது. அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவிக்கு, பட்டம் முடிக்கும்வரை மாதம் 1000 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில். மாணவருக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. தொடங்கிய இடம், தமிழ்வழிப் பட்ட வகுப்பைச் சோதித்துப் பார்த்த அதே கோவை அரசு கலைக் கல்லூரி. திருமணத்துக்கு ஒதுக்கிய பணம் படிப்புக்கு வந்ததைவிட, முடிவில் கிடைத்த பணம் இடையிலேயே வந்ததுதான் பெரிய மாற்றம்.

முடிவுரை

இந்த வரலாற்றில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு தடையை அகற்றியது: இருப்பிடம், மொழி, தேர்வு, கட்டணம், அன்றாடச் செலவு. உயர்கல்வி குறித்த அகில இந்திய ஆய்வின்படி 2021-22இல் தமிழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. பெருமைக்குரிய எண்தான். ஆனால் அது சேர்ந்தவர்களின் கணக்கு, முடித்தவர்களின் கணக்கல்ல. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம் என்று வழிவிடுகிறது. நின்றவரை வெறுங்கையோடு அனுப்பாமலிருப்பது நல்லதே. ஆனால் வெளியேறுவதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால், ஏன் வெளியேறினார் என்று கேட்கும் கட்டாயம் தளர்ந்துவிடும்.

இனி வேண்டியது புதிய திட்டம் அல்ல. ஏற்கெனவே கையில் இருக்கும் பதிவேட்டை வேறு கண்ணோடு பார்ப்பது. தொடர்ந்து இரண்டு வாரம் வராதவரின் வீட்டுக்குத் துறையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போகட்டும். ஒவ்வொரு கல்லூரியும் சேர்ந்தோர் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, அதே அணியில் மூன்றாண்டில் பட்டம் பெற்றோர் எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். முதலாவதற்கு ஆசிரியரின் அக்கறை போதும். இரண்டாவதற்கு ஓர் அரசாணை போதும்.