பகல் தொடரிலிருந்து படத்துக்கு: கதவு யாருக்குத் திறந்தது?

அமெரிக்கப் பகல்நேரத் தொலைக்காட்சித் தொடர்களை நடிகர்களின் பயிற்சிக்கூடம் என்று சொல்வது வழக்கம். மெக் ரையான், மரிசா டோமி, ஜூலியான் மூர் மூவரும் 1980களில் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரில் நடித்துவிட்டு சினிமாவுக்குப் போனவர்கள். டோமிக்கு 1993இலும் மூருக்கு 2015இலும் ஆஸ்கார் கிடைத்தது. திறமை இருந்தா மேல வந்துடலாம்ங்கிற கதைக்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்பார்கள். இந்தக் கதையாடல் யாரை விட்டுவிட்டுப் பேசுகிறது என்பதுதான் என் கேள்வி.

வீட்டிலிருக்கும் பெண்களுக்கு சோப்பு விற்க வளர்த்த வடிவம் இது. 'சோப் ஆபரா' என்பதே கேலிப் பெயர். பெண்கள் பார்ப்பது என்பதாலேயே மட்டம். ஆகவே அதை விட்டுப் போவது 'உயர்வு' ஆகிவிடுகிறது.

'ஒன் லைஃப் டு லிவ்' தொடரைப் பார்ப்போம். 1968இல் எலன் ஹாலி என்ற கறுப்பின நடிகை, வெளிர்நிறம் காரணமாகத் தனக்குக் கறுப்புப் பாத்திரமும் கிடைப்பதில்லை, வெள்ளைப் பாத்திரமும் கிடைப்பதில்லை என்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அதைப் படித்த ஆக்னஸ் நிக்சன், தான் உருவாக்கிய அத்தொடருக்கு அவரை அழைத்தார். கார்லா என்ற பாத்திரம். இத்தாலிய வம்சாவளி வெள்ளைப் பெண் என்று பார்வையாளர்கள் நம்பியிருந்த கார்லா ஒரு கறுப்பு மருத்துவரை முத்தமிட்டதும் எதிர்ப்பு கிளம்பியது. அவள் கறுப்பினப் பெண் என்பது பிறகுதான் வெளிப்பட்டது. இந்தப் பரபரப்பில் தொடருக்கு ஆதாயம்.

அதே தொடரில் 1971 முதல் 1975 வரை நடித்த டாமி லீ ஜோன்ஸ் 1994இல் ஆஸ்கார் வாங்கினார். கார்லாவின் வளர்ப்பு மகனாக நடித்த சிறுவன் லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் 14 வயதில் 'அபோகலிப்ஸ் நவ்' படப்பிடிப்புக்குப் போய்விட்டார். ஹாலி 1985இல் நீக்கப்பட்டார். 1988இல் 'ஸ்கூல் டேஸ்' படத்தில் நடித்தார். பின்னர் நூலகத்தில் வேலை பார்த்தார். தன்னைக் குறைந்த சம்பளத்தில் வைத்திருந்ததை 1996இல் தன்வரலாற்றில் எழுதினார். 2023இல் இறந்தார்.

ஃபிஷ்பர்னும் கறுப்பர்தானே, அவர் போகலையா என்று கேட்கலாம். போனார். வெள்ளைப் பெண்களும் போனார்கள். நிறமும் பாலும் குறுக்கிடும் இடத்தில் நின்ற ஹாலிக்கு சினிமா பாத்திரம் எழுதவில்லை. 1968இல் அவர் கேட்டது இதைத்தான். பகல் தொடர் பதில் சொன்னது, படவுலகம் சொல்லவில்லை. வெளியேறியவர்களின் பட்டியலை மட்டும் வரலாறு என்று எழுதுகிறவர்கள், தங்கிப்போனவர்களின் சம்பளக் கணக்கையும் சேர்த்துப் படிக்கணும்.