காசி கைவிட்ட செல்வம்

ஆனந்த குமாரசாமி முதலில் தேடியது கற்களை. லண்டனில் நிலவியலும் தாவரவியலும் படித்தவர். 1903இல் இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைமையேற்றார். தோரியனைட் என்ற கனிமத்தை முதலில் விவரித்தவர்களில் அவரும் ஒருவர். அந்த வேலைக்காக ஊர் ஊராகப் போனபோதுதான், கண்டிப் பகுதியின் பரம்பரைக் கைவினைஞர்கள் ஆதரிப்பாரின்றி நொடிந்துகொண்டிருப்பதைக் கண்டார். பிறகு கல் அவரைக் கட்டிப்போடவில்லை.

தந்தை கொழும்புத் தமிழர் சர் முத்து குமாரசாமி; தாய் ஆங்கிலேயர். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் 1908இல் வெளிவந்தது. கைவினைக்காகக் குரல்கொடுத்த ஆங்கிலேயர் வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்திலேயே அதை அச்சிட்டார். தச்சரையும் கொல்லரையும் பற்றிய நூலை ஆலை இயந்திரத்துக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவருடைய ரசனையின் உச்சம் ராஜபுத்திர ஓவியங்கள். ராஜஸ்தானிலும் பஞ்சாப் மலைநாட்டிலும் வரையப்பட்ட ராதையும் கண்ணனும், ராகமாலைச் சிற்றோவியங்களும் அந்நாளில் முகலாய ஓவியங்களோடு சேர்த்தே எண்ணப்பட்டன. அரசவையின் முகங்களையும் நிகழ்ச்சிகளையும் பதிவு செய்வது முகலாய மரபு. பக்தியிலும் காவியத்திலும் மக்கள் பாடலிலும் ஊறியது ராஜபுத்திர மரபு என்று பிரித்துக் காட்டினார். 1910இல் அலகாபாத் கண்காட்சியின் கலைப் பகுதியைக் கவனித்த காலத்தில் வட இந்தியாவில் அலைந்து திரிந்து அந்த ஓவியங்களைச் சேர்த்தார். 1916இல் இரண்டு தொகுதிகளாக நூல் வந்தது. பின்வந்தவர்கள் அந்தப் பிரிவினையைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் அந்த ஓவியங்களுக்கு உலக அரங்கில் ஓர் இடம் பெற்றுத் தந்தது அவர் கண்தான்.

காசியில் தேசிய அருங்காட்சியகம் ஒன்று எழுப்பினால் அத்தனையும் தருவதாகச் சொன்னார். யாரும் முன்வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது. 1917இல் டென்மன் ராஸ் என்ற அமெரிக்கர் வழியாகத் தொகுப்பு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் சேர்ந்தது. அதைப் பேணும் பொறுப்பில் குமாரசாமியும் அங்கே போனார். 1947 செப்டம்பரில், இந்தியா விடுதலை பெற்ற சில வாரங்களில், அமெரிக்க மண்ணிலேயே மறைந்தார்.

பெங்களூரோடும் அவருக்கு ஓர் இழை உண்டு. விவேகானந்தரின் சீடர் நிவேதிதை தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் குமாரசாமி முடித்த இந்து, பௌத்தப் புராணக் கதைகள் நூலில் (1913) மைசூர் ஓவியர் கே. வெங்கடப்பாவின் படங்கள் உள்ளன. கஸ்தூரிபா சாலையில் வெங்கடப்பாவின் பெயரில் அரசு கலைக்கூடம் இருக்கிறது. பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் தமிழ்த் தம்பிகளே, ஒரு விடுமுறை நாளில் ஓசூர் சாலையைப் பிடித்து நகருக்குள் வந்து, பிள்ளைகளையும் அங்கே அழைத்துப் போங்கள்.