பத்தும் கட்டையும்: சாலையோரக் கற்களின் வரலாறு



2017ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், காஜாங் எம்.ஆர்.டி. தடத்தின் இரண்டாம் பகுதியோடு 'பத்து 11 செராஸ்' என்னும் நிலையமும் திறக்கப்பட்டது. இப்பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினால், "பத்தா, பதினொன்றா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்!

மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல்; மைல் என்றும் பொருள்படும். சாலையோரத்தில் மைலுக்கு ஒரு கல் நட்டதால் கல்லின் பெயரே தொலைவுக்கும் ஆயிற்று. தமிழிலும் 'இரண்டு கல் தொலைவு' என்னும் வழக்கு உண்டன்றோ? நம் மலேசியத் தமிழரோ இதனைக் 'கட்டை' என்றனர். பழைய கிள்ளான் சாலையில் 'அஞ்சாங்கட்டை' என்றால், அது ஐந்தாம் மைல். தெருப்பெயரும் வீட்டு எண்ணும் இல்லாத காலத்தில் கட்டையே முகவரி. (பத்துமலையை இக்கணக்கில் சேர்க்கலாகாது. அது பத்து ஆற்றின் பெயரால் வந்தது. பத்தாவது மலை என்பதனால் அன்று.)

தொலைவை ஏன் இவ்வளவு கவனமாக எண்ணினர்? சரக்குப் போக்குவரத்தில் தொலைவே பணம். இங்கிலாந்தில் 1777இல் முடிக்கப்பட்ட டிரெண்ட் - மெர்சி கால்வாயில் படகுக்கட்டணம் டன்னுக்கும் மைலுக்கும் கணக்கிடப்பட்டது. அதன் கரையில் நிற்கும் வார்ப்பிரும்புக் கம்பங்கள் இருமுனைகளுக்கும் உள்ள தொலைவைக் காட்டுகின்றன. எக்கம்பத்தின் இரண்டு எண்களைக் கூட்டினாலும் 92 மைல்! கணிதப் பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் கால்வாயின் வேலையைக் கிள்ளான் ஆறே செய்தது. கோலாலம்பூரின் ஈயம் ஆற்றுவழியே கடலை அடைந்தது. 1886இல் கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிய பின்னர் ஆற்றுப் போக்குவரத்து தளர்ந்தது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊராக வளர்ந்தது. அங்குக் குடியேறி உழைத்தவர்களில் தமிழர் பலர்.

ஆயினும் தொலைவுக்கல் வெள்ளையர் நமக்குக் கற்பித்த புதுமையன்று. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 'அதியமான் பெருவழி'க் கல் ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டினது. நாவல் தாவளத்திற்கு 29 காதம் என்று அதில் பொறித்துள்ளனர். எழுத்தறியாத வழிப்போக்கனுக்காக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டியுள்ளனர். பெரியது பத்து, சிறியது ஒன்று. இடமதிப்பைக் கற்பிக்க நான் கண்டவற்றுள் மிக எளிய கருவி இதுதான்.

1972ஆம் ஆண்டு எடை, அளவுச் சட்டத்திற்குப் பின்னர் நம் நாட்டில் மைல் படிப்படியாக விலகிக் கிலோமீட்டர் வந்தது. கற்கள் பெரும்பாலும் மறைந்தன. சா ஆலாமில் பத்து தீகா, செராசில் பத்து செம்பிலான், கோம்பாக்கில் பன்னிரண்டாம் மைல் எனப் பெயர்கள் எஞ்சியுள்ளன. இவை மலாயில் இருப்பதால் பெயர்ப்பலகைகள் காப்பாற்றும். 'கட்டை' என்னும் நம் சொல்லுக்கோ பலகை இல்லை. முதியோர் நாவில் மட்டுமே அது வாழ்கின்றது. வகுப்பில் அச்சொல்லைக் கேட்டறிந்த பிள்ளைகள் ஆண்டுதோறும் குறைந்து வருவதைக் காண்கின்றேன்.

எனவே இவ்விடுமுறைக்கு ஒரு சிறு பணி. தாத்தா, பாட்டி எந்தக் கட்டையில் குடியிருந்தனர் என்று பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். எந்த ஊரிலிருந்து எண்ணிய கட்டை என்பதையும் கேட்க வேண்டும். பின்னர் 1.6ஆல் பெருக்கி, நிலப்படத்தில் அவ்விடத்தைக் குறிக்கட்டும். செராஸ் பதினோராங்கட்டைக்கு 17.6 கிலோமீட்டர் வரும்.