கதவுக்காகப் பிறந்த தேர்

அடிபட்ட டாங்கியிலிருந்து வெளியேற உள்ளே இருப்பவர்களுக்குச் சில நொடிகளே கிடைக்கும். அந்த நொடிகளை மனத்தில் வைத்து ஒரு டாங்கியை வரைந்தால் எப்படி இருக்கும்? அப்படிப் பிறந்ததுதான் இஸ்ரேலின் மெர்காவா. எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்குத் ‘தேர்’ என்று பொருள்.

1960களில், பிரிட்டனின் சீஃப்டன் டாங்கி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் இஸ்ரேல் அதன் மேம்பாட்டுப் பணியில் பங்கேற்றது. 1969இல் பிரிட்டன் கைவிரித்தது. மறு ஆண்டே, சொந்தமாகச் செய்துகொள்வோம் என்று இஸ்ரேல் முடிவெடுத்தது. பொறுப்பு ஜெனரல் இஸ்ரேல் தாலிடம் வந்தது. அரபு நாடுகளுடன் நடந்த 1967 போரில் சினாய்ப் பாலைவனத்தில் கவசப் படையை நடத்தியவர் அவர்.

வேலை நடந்துகொண்டிருந்தபோதே 1973 அக்டோபர் போர் மூண்டது. கோலான் மேட்டிலும் சினாயிலும் நூற்றுக்கணக்கான டாங்கிகள் அடிபட்டன. அவற்றில் பலவற்றைச் செப்பனிட்டு மீண்டும் களத்துக்கு அனுப்ப முடிந்தது. உள்ளே எரிந்துபோன மனிதர்களை எங்கே போய்த் தேடுவது? மக்கள்தொகை குறைந்த நாட்டுக்கு அது ஈடுகட்ட முடியாத இழப்பு.

தால் வழக்கத்தை மாற்றினார். மற்ற டாங்கிகளில் பின்னால் இருக்கும் எஞ்சினை முன்னுக்குக் கொண்டுவந்தார். முன்புறக் கவசத்தைத் துளைக்கும் குண்டு, மனிதரைத் தொடுமுன் எஞ்சினைத் தாண்டியாக வேண்டும். காலியான பின்புறத்தில் ஒரு கதவு வைத்தார். எதிரியின் கண்ணில் படாமல் இறங்கவும், காயம்பட்டவரை ஏற்றவும், குண்டுகளை நிரப்பவும் அதுவே வழி. குண்டுகளில் பெரும்பாலானவை தீ தாங்கும் பெட்டிகளில், பின்புறத்தில் தாழ்வாக அடங்கின.

அதே 1973இல் சோவியத் படையில் சேர்ந்த டி-72 டாங்கி வேறொரு கணக்கில் உருவானது. பின்னாளில் ஆவடியில் ‘அஜேயா’ என்ற பெயரில் தயாரானதும் அதுதான். குள்ளமாக இருந்தால் குறி தப்பும். எடை குறைந்தால் பாலங்களைக் கடக்கலாம். எளிமையாக இருந்தால் ஆயிரக்கணக்கில் செய்யலாம். எனவே குண்டு நிரப்பும் ஆளை நீக்கி, அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். உள்ளே மூன்று பேர், எடை சுமார் 41 டன். ஆனால் 22 குண்டுகளும் அவற்றுக்கான வெடிமருந்தும் அவர்களின் காலடியில் சக்கரமாக அடுக்கப்பட்டன. அடிபடாதவரை அந்தக் கணக்கு சரி. கவசம் துளைக்கப்பட்டு மருந்தில் தீப்பிடித்தால், மேலே சுழலும் பீரங்கிக் கூடே பெயர்ந்து பறக்கும். 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் டி-72கள் பலவற்றுக்கு அந்த முடிவு நேர்ந்தது.

1980இல் வந்த அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் மூன்றாவது வழியைக் கண்டது. பெரும்பாலான குண்டுகளை வீரர்களிடமிருந்து இரும்புக் கதவால் பிரித்து, அந்த அறையின் கூரையை வேண்டுமென்றே பலவீனமாக வைத்தார்கள். உள்ளே வெடித்தாலும் தீ மேல்நோக்கிப் போய்விடும்.

1979இல் படையில் சேர்ந்த மெர்காவா 1982இல் லெபனானில் முதன்முதலாகப் போரிட்டது. எடை சுமார் 60 டன், வேகமும் குறைவு. முன்னால் அடி விழுந்தால் எஞ்சின் செத்து, வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அந்த விலையைத் தெரிந்தேதான் தால் கொடுத்தார். இரும்பை மறுபடி உருக்கலாம். வண்டி நின்ற பிறகும் பின்கதவு திறந்து நான்கு பேர் நடந்து வெளியே வந்தால், அந்தத் தேர் தன் வேலையை முடித்துவிட்டது.