வாக்களித்த சம்பளமும் வந்த சம்பளமும்: பேராக் காற்பந்தில் ஆட்டக்காரர் ஊதியத்தின் வரலாறு (1921–2025)

1. ஆய்வின் கேள்வி

ஈப்போவுக்குத் தெற்கே, கேமரன் மலைக்கு ஏறும் சாலை பிரியும் இடம் சிம்பாங் பூலாய். சுண்ணாம்புக்கல் குன்றுகளும் கல்லுடைப்பு ஆலைகளும் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறையினர் இன்று தொழிற்சாலைகளிலும் லாரிகளிலும் கடைகளிலும் உழைக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர், பந்து உதைப்பவருக்கு மாதம் பல்லாயிரம் ரிங்கிட் எதற்கு என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அதைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது.

அந்தக் கேள்விக்குப் பேராக் மாநிலக் காற்பந்தின் வரலாற்றில் விடை தேடுகிறது இக்கட்டுரை. ஆட்டக்காரரின் சம்பளம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் பணம் ஆட்டம் ஈட்டிய வருமானத்திலிருந்து வருகிறதா என்பதே முதல் கேள்வி. வருமானத்திலிருந்து வரும் சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் பொருளியல் அதை ஏற்கும். வருமானமே இல்லாமல் வாக்களிக்கப்படும் சம்பளம் ஆட்டக்காரர், சங்கம், வரி செலுத்துவோர் ஆகிய மூவரையும் கடனாளி ஆக்குகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2. முதலாளிகள் கட்டிய கூலி வரம்பு

கூலி என்பது உழைப்பின் மதிப்பைத் தானாகவே எட்டிவிடும் என்ற நம்பிக்கை தோட்ட வரலாற்றின் முன் நிற்காது. 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்களுக்கு முக்கிய வட்டாரங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிலைக்கூலி வகுக்கப்பட்டது. ரப்பர் விலை சரிந்ததும் 1930களின் தொடக்கத்தில் அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. விலை மீண்டபோது கூலி அதே வேகத்தில் மீளவில்லை. 1938-இல் இந்திய அரசு, உதவிபெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் செல்வதையே தடை செய்தது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகுதான் கூலி முழுநாட்டளவிலான பேரப் பொருளாயிற்று. உழைப்பை வாங்குவோர் ஒன்றுகூடி விலை வைத்தால், கூலி உழைப்பின் பயனுக்குக் கீழேயே தங்கிவிடும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

இதே கட்டமைப்பு தொழில்முறை விளையாட்டிலும் இருந்தது. இங்கிலாந்தில் 1901 முதல் ஆட்டக்காரரின் உச்சவரம்புச் சம்பளம் வாரம் 4 பவுண்டு. அது மெல்ல உயர்ந்து 20 பவுண்டை எட்டியது. பல்லாயிரம் பேர் நுழைவுச்சீட்டு வாங்கி வந்தாலும் கூடுதல் பணம் கிளப்புகளிடமே தங்கியது. ஜிம்மி ஹில் தலைமையிலான ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானபோது, 1961 ஜனவரியில் வரம்பு நீங்கியது. ஃபுல்ஹாம் அணியின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு பெற்றார். ஐந்து மடங்கு உயர்வு சிலரை அதிரவைத்தது. அதுவரை அவரது ஆட்டத்தின் பயன் யாரிடம் போயிற்று என்பதைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை. அமெரிக்க பேஸ்பாலில் ஜெரால்ட் ஸ்கல்லி 1974-இல் வெளியிட்ட ஆய்வு, கிளப்பை விட்டு நகர முடியாத விதியில் கட்டுண்ட ஆட்டக்காரர்கள் தாம் ஈட்டித்தந்த வருமானத்தில் மிகச் சிறிய பங்கையே பெற்றதைக் கணக்கிட்டுக் காட்டியது.

ஆகவே உயர்ந்த சம்பளம் பல இடங்களில் நீண்டகாலம் மறுக்கப்பட்ட பங்கின் மீட்பாகவே தொடங்கியது. பேராக்கின் கதை வேறு வழியில் சென்றது.

3. வேலையே சம்பளமாக இருந்த காலம்

1921-இல் எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலின் பெயரால் தொடங்கிய கிண்ணப் போட்டியை (பின்னாளின் மலேசியக் கிண்ணம்) பேராக் 1926, 1931, 1957, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் வென்றது. இந்த வெற்றிகள் யாவும் தொழில்முறைக்கு முந்தியவை. அக்காலத்தில் திறமையான ஆட்டக்காரருக்குக் கிடைத்த பரிசு ஒரு வேலை. போலீஸ், இராணுவம், பொதுப்பணி, மின்சாரம், வங்கி என்று ஏதோ ஒரு நிறுவனத்தில் சேர்ந்து அதன் அணிக்கும் மாநிலத்துக்கும் ஆடுவார்கள். சம்பளம் சிறியது, ஆனால் மாதம் தவறாது. பந்தை விட்ட பிறகும் வேலை இருக்கும், ஓய்வூதியமும் உண்டு.

தடகளத்தில் அந்த அளவு ஆதரவும் எல்லோருக்கும் கிட்டவில்லை. கோலகங்சாரில் பிறந்த எம். ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். தாப்பாவைச் சேர்ந்த எம். ராஜாமணி அதே போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். இருவரும் பேராக் மண்ணின் பெருமை. ஓட்டத்தால் பிழைக்கும் வழி அன்று இல்லை. ஜெகதீசன் மருத்துவராகி வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். இன்று ஒலிம்பிக் தங்கத்துக்கு 10 லட்சம் ரிங்கிட்டும் மாதம் 5,000 ரிங்கிட் வாழ்நாள் உதவித்தொகையும் அரசு தருகிறது. இது சந்தை தரும் விலை அன்று, நாடு மனமுவந்து தரும் நன்றி. எவ்வளவு, யாருக்கு என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருப்பதால் இதில் ஏமாற்றம் இல்லை.

4. ஒப்பந்தம் வந்தது, வருமானம் வரவில்லை

1989-இல் மலேசியக் காற்பந்துச் சங்கம் அரைத் தொழில்முறை லீக்கைத் தொடங்கியது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள், திடல்கள் நிறைந்தன. 1994-இல் முழுத் தொழில்முறை அறிவிக்கப்பட்டது. வேலையின் இடத்தை ஒப்பந்தம் பிடித்தது. ஆனால் அணிகளின் உரிமை மாநிலக் காற்பந்துச் சங்கங்களிடமே இருந்தது. அரசியல் தலைவர்களும் அரச குடும்பத்தினரும் அவற்றை வழிநடத்தினார்கள். மாநில அரசின் மானியமும் அரசு சார்ந்த நிறுவனங்களின் விளம்பரப் பணமும்தான் பெட்டியை நிரப்பின. சம்பளத்தின் அளவைத் தீர்மானித்தது மாநிலங்களுக்கிடையிலான கௌரவப் போட்டி. அண்டை மாநிலம் ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் நாமும் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எழுந்தது. ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் அரசு நிறுவனங்களைப் பற்றி விளக்கியது இங்கும் பொருந்தும். பற்றாக்குறையை யாராவது அடைப்பார்கள் என்று நம்பும் நிறுவனம் செலவைக் கட்டுப்படுத்தாது.

முதல் அடி உடனே விழுந்தது. 1994–95 ஆட்டவிற்பனை விசாரணையில் 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டார்கள். நிரம்பியிருந்த திடல்கள் காலியாகத் தொடங்கின. நல்ல சம்பளம் இருந்தால் அதை இழக்க அஞ்சி ஒருவர் நேர்மையாக இருப்பார் என்பது கேரி பெக்கரும் ஜார்ஜ் ஸ்டிக்லரும் 1974-இல் முன்வைத்த தர்க்கம். அந்த அச்சம் பிறக்க வேண்டுமானால் சம்பளம் கைக்கு வந்து சேர வேண்டும். கிழக்கு ஐரோப்பிய ஆட்டக்காரர்களிடையே உலக ஆட்டக்காரர் கூட்டமைப்பான ஃபிஃப்ப்ரோ 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 41.4 சதவீதம் பேருக்குச் சம்பளம் காலத்தில் வரவில்லை. ஆட்டத்தை விற்கும்படி அணுகப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் சம்பளம் தாமதமானவர்கள். சம்பள பாக்கி ஆட்டத்தை விலைபேசும் தரகர்களுக்குக் கதவு திறந்துவிடுகிறது.

பேராக் இந்தச் சூழலிலும் 1998, 2000 ஆண்டுகளில் கிண்ணத்தையும் 2002, 2003 ஆண்டுகளில் லீக்கையும் வென்றது. 2018-இல் மீண்டும் கிண்ணம். மூன்றே ஆண்டுகளில், சம்பள பாக்கியால் ஆட்டக்காரர்கள் விலகிய நிலையில், 2021-இல் அணி நாட்டின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக்கிலிருந்து தரமிறங்கியது. சங்கத்திடமிருந்து தனியார் நிறுவனத்துக்கும், அங்கிருந்து இன்னொரு நிறுவனத்துக்கும் உரிமை கைமாறியது. 2025–26 பருவத்தில் பேராக் அணியே சூப்பர் லீக்கில் இல்லை. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணியிலிருந்து உருவாகி 2019-இல் சூப்பர் லீக்கில் ஆடத் தொடங்கிய பெட்டாலிங் ஜெயா சிட்டியும் 2022 பருவத்தோடு விலகிவிட்டது. தமிழ் இளைஞர்களுக்குத் திறந்திருந்த ஒரு முக்கிய வாசல் அதோடு மூடியது.

5. இரண்டு கணக்குகள்

விளக்கத்துக்காக ஒரு மாதிரிக் கணக்கு. 14 அணிகள் கொண்ட லீக்கில் ஓர் அணிக்குச் சொந்தத் திடலில் 13 ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 10,000 பேர் 15 ரிங்கிட் கொடுத்து வந்தால் ஆண்டு வசூல் 19.5 லட்சம் ரிங்கிட். 25 ஆட்டக்காரர்களுக்குச் சராசரி மாதம் 15,000 ரிங்கிட் என்றால் ஆண்டுச் செலவு 45 லட்சம். பயிற்றுநர், பயணம், திடல் வாடகை இதில் சேரவில்லை. நுழைவுச்சீட்டு மட்டுமே இந்தச் சம்பளத்தைத் தாங்க வேண்டுமானால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 23,000 பேருக்கு மேல் வர வேண்டும். மீதியை ஒளிபரப்பும் விளம்பரமும் தர வேண்டும். அவையும் சுருங்கினால் இடைவெளி அரசின் தலையிலோ ஆட்டக்காரரின் வயிற்றிலோ விழும்.

இன்னொரு கணக்கு இந்தியாவிலிருந்து. 2024 நவம்பர் ஐபிஎல் கிரிக்கெட் ஏலத்தில் ரிஷப் பந்த்தை லக்னோ அணி 27 கோடி ரூபாய்க்கு எடுத்தது. கேட்கும்போது மலைக்க வைக்கும் தொகை. ஆனால் ஐபிஎல்-இன் 2023–27 ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடிக்கு விற்றது, ஆண்டுக்குச் சராசரி 9,678 கோடி. ஆட்டக்காரர்களை எடுக்கப் பத்து அணிகளுக்கும் அந்த ஏலத்தில் அனுமதிக்கப்பட்ட தொகை தலா 120 கோடி, மொத்தம் 1,200 கோடி. ஒளிபரப்பு வருமானத்தோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அமெரிக்காவின் என்பிஏ-யில் கூட்டுப் பேர ஒப்பந்தப்படி ஆட்டக்காரர்களின் பங்கு கூடைப்பந்து வருமானத்தில் ஏறத்தாழ பாதி. ஆக, 27 கோடி வாங்குபவரின் துறையில் ஆட்டக்காரரின் பங்கு குறைவு. அதில் ஒரு சிறு துளியை வாங்கிய பேராக் ஆட்டக்காரரின் சம்பளமோ அவரது லீக் தாங்குவதற்கு மேல் இருந்தது. தொகையை மட்டும் பார்த்து நியாயம் பேச முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6. கோட்பாடுகள் சொல்வதும் சொல்லாததும்

ஷெர்வின் ரோசன் 1981-இல் எழுதிய கட்டுரை, திறமையில் சிறு வேறுபாடு வருமானத்தில் பெரும் வேறுபாடாக மாறுவதற்குத் தொழில்நுட்பமே காரணம் என்றது. ஓர் ஆட்டக்காரரைக் கோடிப் பேர் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தால், அவரது சம்பளம் அந்தக் கோடியின் அளவுக்கு உயரும். பால்மரம் வெட்டுபவரின் உழைப்பு ஒருநாளில் அவர் வெட்டும் மரங்களோடு முடிகிறது. இதனால் அவரது உழைப்பு தாழ்ந்ததாகிவிடாது. சந்தை விலை உழைப்பின் தேவையையோ கண்ணியத்தையோ அளப்பதில்லை, விற்கக்கூடிய எல்லையை அளக்கிறது. இதனால் எழும் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் கருவிகள் வரியும் குறைந்தபட்சச் சம்பளமும்தான். ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தை வெட்டினால் தொழிலாளிக்கு ஒரு காசும் சேராது, அது உரிமையாளரின் பையில் தங்கும் என்பதை 1961-க்கு முந்திய இங்கிலாந்து காட்டியது.

வால்டர் நீல் 1964-இல் சுட்டிய உண்மையும் மலேசியாவுக்கு முக்கியம். விளையாட்டில் வலுவான எதிராளி இல்லாமல் வியாபாரம் இல்லை. ஜோகூர் டாருல் தாக்ஸிம் 2014 முதல் 2024–25 வரை தொடர்ந்து 11 முறை லீக்கை வென்றது. அதன் நிர்வாகத் திறமை பாராட்டத்தக்கது. ஆனால் முடிவு முன்பே தெரிந்த போட்டிக்கு ரசிகர் குறைவார்கள், ஒளிபரப்பு விலை சரியும், மற்ற அணிகளின் சம்பளத் தாங்குதிறன் மேலும் குறையும்.

7. முடிவுரை

பேராக்கின் நூறாண்டு வரலாறு மூன்று நிலைகளைக் காட்டுகிறது: சிறியதானாலும் உறுதியான வேலைச் சம்பளம், மானியத்தில் உயர்ந்த ஒப்பந்தச் சம்பளம், பிறகு எழுத்தில் மட்டும் நின்ற சம்பளம். மூன்றாவது நிலையில் நாசமானது பேராசைக்காரர்களின் வாழ்க்கை அன்று. இருபது வயதில் படிப்பை விட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, முப்பத்தைந்தில் ஓய்வு பெறும் தொழிலாளர்களின் வாழ்க்கை.

ஆகவே சம்பளத்தை உயர்த்து அல்லது குறை என்ற கூச்சலால் பயனில்லை. லீக் உரிமம் தரும்போதே அணியின் உறுதிப்பட்ட வருமானத்தில் இன்ன சதவீதத்துக்கு மேல் சம்பளம் வாக்களிக்கக் கூடாது என்று கட்ட வேண்டும். ஒரு பருவத்தின் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் பெற வேண்டும். ஊழியர் சேமநிதிச் சந்தா செலுத்தியதற்கான சான்று மாதந்தோறும் கேட்கப்பட வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையை ஃபிஃபா 2018-இல் வழங்கியது. அந்த உரிமை ஒவ்வோர் இளம் ஆட்டக்காரருக்கும், அவரது பெற்றோருக்கும், அவர்கள் அறிந்த மொழியில் எடுத்துச் சொல்லப்பட வேண்டும். மாநில அரசு பணம் தர விரும்பினால் தரட்டும். அதைச் சிம்பாங் பூலாய் போன்ற ஊர்களின் திடல்களுக்கும் பள்ளிப் பயிற்றுநர்களுக்கும் தரட்டும். பொதுப்பணத்தின் பலன் அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் சேரும். தொழில்முறை ஆட்டக்காரரின் உயர்ந்த சம்பளத்தை, அவர் ஆடுவதைப் பார்க்க மனமுவந்து காசு கொடுப்பவர்களே சுமக்கட்டும். அப்படி வரும் ஒவ்வொரு ரிங்கிட்டும் அவருக்கு நியாயமாக உரியது.